இரண்டு மெஸ்ஸும் ஒரு வயிற்றுப்புண்ணும்

தொழிற்புரட்சிக் காலத்தில் தேசிய அளவில் உருவான முதல் தொழிற்சங்கங்களில் இரண்டை ஒப்பிட்டு, எது நிலைத்தது, ஏன் நிலைத்தது என்று எழுத வேண்டும். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்த எனக்கு வந்த கேள்வி இது. அஜ்மானில் ஒரு லேபர் கேம்ப்பின் மேல்கட்டிலில், கைநீட்டினால் கூரை தட்டுகிற இடத்தில் படுத்துக்கொண்டு, கைபேசியில் பாடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். சங்கத்தைப் பற்றிப் படிக்க இதைவிடப் பொருத்தமில்லாத இடம் உலகத்தில் இருக்க முடியாது. இங்கே தொழிற்சங்கம் கிடையாது. வேலையை நிறுத்திவிட்டு உட்காரவும் கூடாது. வந்திறங்கிய முதல் வாரத்தில், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று சொல்லித் தருகிற அதே ஆள் இதையும் சொல்லித் தந்துவிடுவார்.

ஸ்டோர் கீப்பருக்கு எதற்கு எம்.ஏ. என்று கேட்காதவர்கள் கேம்ப்பில் இல்லை. ஊரில் என் மனைவியும் கேட்டாள். "பரிட்சை எழுதி பாஸ் பண்ணா சிமெண்ட் மூட்டை உங்களுக்கு சல்யூட் அடிக்குமா?" என்று போனில் சிரித்தாள். எனக்கும் சரியான பதில் தெரியாது. சும்மா படுத்துக்கொண்டு வீடியோ பார்த்தால் மண்டை காய்கிறது, படித்தால் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொண்ட இரண்டு சங்கங்களும் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றியவை. முதலாவது எல்லோரையும் சேர்த்துக்கொண்டது. கொல்லர், தச்சர், மண் சுமக்கிறவர், பெண்கள், கறுப்பினத்தவர் என்று யார் வந்தாலும் உள்ளே விட்டது. சீனர்களை மட்டும் வெளியே நிறுத்தியது, அதையும் மறைக்கக் கூடாது. வேறு யாரைச் சேர்க்கவில்லை என்று பார்த்தால் வேடிக்கையாக இருந்தது. வக்கீல்கள், வங்கிக்காரர்கள், சாராய வியாபாரிகள், சூதாடிகள். ஒருவருக்குப் படுகிற அடி எல்லோருக்கும் படுகிற அடி என்று அவர்கள் நம்பினார்கள். மளமளவென்று வளர்ந்தார்கள், வளர்ந்த வேகத்திலேயே சரிந்தும் போனார்கள்.

இரண்டாவது, கைத்தொழில் கற்றவர்களின் சங்கங்களை மட்டும் ஒன்றாகக் கட்டிய கூட்டமைப்பு. சமுதாயத்தைப் புரட்டிப்போடுகிற கனவெல்லாம் அவர்களுக்கு இல்லை. கூலி, வேலை நேரம், வேலையிடத்து வசதி, அதற்கு மேல் பேச மாட்டார்கள். தொழில் தெரிந்தவன் வேலையை விட்டுப் போனால் அவனுக்குப் பதில் ஆள் பிடிப்பது கஷ்டம். அந்தப் பிடிதான் அவர்களுடைய பலம். மூட்டை தூக்குகிறவனுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. நிலைத்து நின்றது இரண்டாவதுதான்.

இதைச் சத்தமாக வாசித்தபோது கீழ்க்கட்டிலில் கால் விரலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்த ஏ.சி. டெக்னீஷியன் நிமிர்ந்து பார்த்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். எனக்கு இங்கே வாய்த்த நெருங்கிய சிநேகிதர்.

"அப்ப ரெண்டாவது நம்ம மெஸ்ஸுன்னு சொல்லுங்க ஸ்டோரு. முதலாவது அந்தப் பெரிய மெஸ்ஸு."

அறையே சிரித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரமாக மூளையைக் கசக்கிக்கொண்டிருந்த விஷயத்தை மனிதர் மருந்து டியூபை மூடுவதற்குள் சொல்லிவிட்டார்.

மெஸ் என்றால் கேம்ப்பில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற கூட்டம். ஆளுக்கு ஒரு நாள் சமையல் முறை வரும். மெஸ்ஸுக்கு ஒரு செக்ரெட்டரி உண்டு. எந்த அடுப்பு யாருக்கு, யார் மீன் வாங்கப் போவது, யார் பாத்திரம் கழுவாமல் டிமிக்கி கொடுத்தது என்பதையெல்லாம் அவர்தான் தீர்க்க வேண்டும். எங்கள் மாடியில் முதலில் தமிழ் ஆட்களுக்கு ஒரே மெஸ்தான் இருந்தது. கொத்தனார், ஷட்டரிங் தச்சர், எலக்ட்ரீஷியன், ஹெல்ப்பர் என்று எல்லோரும் ஒரே குண்டானைச் சுற்றி உட்கார்ந்தோம். பிரிந்தது மீனால். டெக்னீஷியன்களுக்கு ஓவர்டைம் முடிந்து பஸ் வந்து சேர நேரமாகும். அவர்கள் வரும்போது குழம்பு மட்டும் இருக்கும், துண்டு இருக்காது. ஒரு நாள் ஏ.சி. டெக்னீஷியன் கரண்டியை விட்டுத் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டு, "இதுல மீன் குளிச்சிட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான்" என்றார். அடுத்த வாரமே டெக்னீஷியன் மெஸ் தனியாக உதயமானது. அவரே செக்ரெட்டரி. தொழில் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டும் உறுப்பினர். எனக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை, ஆனால் இந்தி, இங்கிலீஷ் இரண்டிலும் பேசித் தொலைப்பேன் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். நானும் மீனுக்காகத்தான் போனேன். கொள்கையெல்லாம் பிற்பாடு பாடத்தில் படித்ததுதான்.

பெரிய மெஸ்ஸுக்குப் புதுக்கோட்டைக் கொத்தனார் ஒருவர் செக்ரெட்டரி. நல்ல குரல், நல்ல மனது, கோபம் வந்தால் கையிலிருப்பதைப் போட்டு உடைப்பார். அந்த மெஸ்ஸில்தான் கஞ்சிக்காரர் இருந்தார். கேம்ப்பே அவரை அப்படித்தான் கூப்பிடும். பெரம்பலூர் பக்கத்திலிருந்து வந்த ஹெல்ப்பர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பழைய வயிற்றுப்புண். மிளகாய் பட்டால் ஆகாது, எண்ணெய் மிதந்தால் ஆகாது. பெரிய மெஸ்ஸில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அன்றைக்கு யார் சமைத்தாலும் முதலில் ஒரு சின்னப் பாத்திரத்தில் அரிசியைக் குழைய விட்டுக் கஞ்சியாக எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் மற்ற சமையலைத் தொடங்குவார்கள். யாரும் அதற்கு அலுத்துக்கொண்டதில்லை. அந்தக் கஞ்சியும் மோரும் இருந்தவரை மனிதர் வெயிலில் கல்லும் மண்ணும் சுமப்பதில் யாருக்கும் சளைக்கவில்லை. அவருடைய மகள் திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். அவள் படிப்பு முடிகிறவரை இங்கே தாக்குப்பிடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு ஊரிலேயே கிடந்துவிடலாம் என்பதுதான் அவருடைய ஒரே கணக்கு. போனில் மகள் ஏதாவது மருத்துவச் சொல்லைச் சொன்னால் மறுநாள் பஸ்ஸில் அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லாமல் இருக்க மாட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் கிச்சனை மூடப்போகிறோம் என்று கம்பெனி அறிவித்தது.

வேறு எங்கோ ஒரு கேம்ப்பில் சிலிண்டர் தீப்பிடித்ததாம். அதனால் இனி யாரும் சமைக்க வேண்டாம், கேட்டரிங் சாப்பாடு வரும் என்றார்கள். அடுப்புகளைக் கழற்றி வேனில் ஏற்றினார்கள். கிச்சன் இருந்த இடத்தில் நீள மேஜைகளைப் போட்டு மெஸ் ஹால் என்று பெயர் வைத்தார்கள். கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை பாய், "இனிமே உங்களுக்கு சோப்பும் ரீசார்ஜும்தான் விக்கணும் போல" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கேட்டரிங் சாப்பாட்டை நான் எப்படிச் சொல்வது. மதியச் சாப்பாட்டை விடியுமுன்பே அடைத்துக் கொண்டுவந்து தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் சைட்டுக்குப் போவோம். நாங்கள் திறக்கிற நேரத்தில் பருப்பு நுரைத்திருக்கும். இரவுக்கு வருகிறதில் சிவப்பாக ஒரு குழம்பு. உள்ளே இருப்பது கோழியா உருளைக்கிழங்கா என்று கடித்தால்தான் தெரியும். மேலே விரல்கடை உயரத்துக்கு எண்ணெய். முதல் நாள் எல்லோரும் சபித்துக்கொண்டே சாப்பிட்டோம். மூன்றாம் நாளே பாதிப் பேர் பாத்ரூம் வாசலில் நின்றோம். கஞ்சிக்காரர் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். பிறகு அதுவும் இறங்கவில்லை என்று படுத்துவிட்டார். முகம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போடும் மொட்டைமாடியில் இரண்டு மெஸ்காரர்களும் கூடினோம். பிரிந்த பிறகு ஒன்றாக உட்கார்ந்தது அன்றுதான். காய்கிற லுங்கிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து பேசினோம்.

"ஒரு பய சாப்பாட்ட தொடக் கூடாது" என்றார் கொத்தனார். "அத்தன டப்பாவையும் அப்படியே கதவுக்கு வெளிய வச்சிருவோம். வேலைக்குப் போவோம், வருவோம். சாப்பிடலைன்னா எவன் என்ன கேக்க முடியும்?"

ஏ.சி. டெக்னீஷியன் தலையை ஆட்டினார். "அதுக்கு அவங்க வைக்கிற பேரே வேற. மொத்தமா நின்னோம்னு வைங்க, மொத்தமா கலாஸ், பெட்டி கட்ட வேண்டியதுதான். நா சொல்றதக் கேளுங்க. டெக்னீஷியன் மட்டும் நாலு பேரு போறோம், நைசாப் பேசறோம். நம்மள அனுப்பிட்டு அவன் ஆளுக்கு எங்க போவான்? நமக்கு ஒரு அடுப்பு வாங்கிட்டோம்னா, அப்புறம் உங்களுக்கும் கேப்போம்."

"அப்புறம்னா எப்ப? எங்களத் தூக்கிப் போட்ட பொறகா?"

கைபேசியில் படித்த இரண்டு சங்கங்களும் லுங்கி கட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுவதைப் போல இருந்தது. எல்லோரும் சேர்ந்தால் பலம், ஆனால் ஒரே அடியில் எல்லோரும் போய்விடலாம். தொழில் தெரிந்தவர்கள் மட்டும் போனால் பத்திரம், ஆனால் மற்றவர்கள் நடுத்தெருவில். சத்தியமாகச் சொல்கிறேன், எந்தப் பக்கம் சரி என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. பாடத்தில் ஒரு பத்தியில் முடிந்துபோகிற விஷயம், மாடியில் வியர்வை நாற்றத்தோடு உட்கார்ந்து கேட்கும்போது முடிய மாட்டேன் என்கிறது.

பேச்சு முற்றியபோது யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். "நாம எல்லாருக்கும்னு ஏன் கேக்கணும்? கஞ்சிக்காரருக்குன்னு கேப்போமே."

இங்கே இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு இயல்பான யோசனை என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியுமா தெரியவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கிற எங்களுக்கு 'நாங்கள்' என்று சொல்ல வராது. லீவு வேண்டுமென்றாலும், அறை மாற்ற வேண்டுமென்றாலும், தண்ணீர் கூலர் ரிப்பேர் என்றாலும், 'சார், பாவம் சார், இந்த ஒரு ஆளுக்காக சார்' என்றுதான் போய் நிற்போம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் மிரட்டல். ஒரு பாவப்பட்டவனுக்காகக் கேட்டால் மனிதாபிமானம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எங்களுக்கு ஊறிப்போன பழக்கம் இது. அதனால் அந்தக் குரல் கேட்டதும் இரண்டு பக்கமும் அப்பாடா என்று மூச்சு விட்டது. அவருக்குக் கஞ்சி வைக்க ஓர் அடுப்பைத் திருப்பித் தந்தால் போதும், பிறகு அந்த அடுப்பில் யார் வேண்டுமானாலும் எதையும் வைத்துக்கொள்ளலாம். கொத்தனாரும் ஏ.சி. டெக்னீஷியனும் கைகொடுத்துக்கொண்டார்கள். கட்டிலில் சுருண்டு படுத்திருந்த கஞ்சிக்காரரிடம் போய்ச் சொன்னோம்.

"எம் பேரச் சொன்னா நல்லது நடக்கும்னா சொல்லுங்க. அதுல எனக்கென்ன கொறஞ்சிரப் போவுது?" என்றார்.

கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மாலையில், கேம்ப்புக்கு வருவார். பம்பாய்க்காரர். கத்த மாட்டார். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் அது பொய். கொத்தனார், ஏ.சி. டெக்னீஷியன், பேசுவதற்கு நான் என்று மூன்று பேர் போனோம். நான் இந்தியில் நிதானமாக ஆரம்பித்தேன். ஒருவருக்கு வயிற்றில் பழைய புண், காரம் ஒத்துக்கொள்ளாது, கஞ்சி வைக்க ஓர் அடுப்பு கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான். அவர் கவனமாகக் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பாவம் பார்க்க வைக்கிற வேலையில் இறங்கிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு நிறுத்தத் தெரியாது. ஏ.சி. டெக்னீஷியன் குறுக்கே புகுந்து, நாலு நாளாக மனிதர் ஒன்றுமே சாப்பிடவில்லை, ராத்திரியெல்லாம் துடிக்கிறார் என்றார். டெக்னீஷியன் மெஸ் அவ்வளவு சொன்ன பிறகு பெரிய மெஸ் சும்மா இருக்குமா? கொத்தனார் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், தொண்டையிலிருந்து கையை வெளியே வீசிக்காட்டி, "கூன் சாப்! கூன்!" என்றார்.

ரத்தம். நான் அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தேன். கஞ்சிக்காரர் ரத்தம் கக்கியதை யாரும் பார்த்ததில்லை. எச்.ஆர். அதிகாரியின் முகம் மாறியது. இவ்வளவு மோசமா, யாருமே என்னிடம் சொல்லவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். இப்போதே கவனிக்கிறேன் என்று போனை எடுத்தார். வெளியே வந்ததும் நான் கொத்தனாரைக் கடிந்துகொண்டேன். "விடுங்க ஸ்டோரு. கொஞ்சம் கூட்டிச் சொன்னாத்தான அவனுக்கு உறைக்கும். உறைச்சிருச்சுல்ல?" என்று என் தோளில் தட்டினார்.

உறைத்துத்தான் இருந்தது. மறுநாள் கம்பெனி வேன் வந்து கஞ்சிக்காரரை கிளினிக்குக்கு அழைத்துப் போனது. இரண்டு மெஸ்ஸிலும் கொண்டாட்டம். அடுப்பு எப்போது வரும், முதலில் அதில் என்ன வைப்பது என்றுகூடப் பேசிவிட்டார்கள். மீன் என்று ஏகமனதாக முடிவானது.

அடுத்த நாள் மாலை எச்.ஆர். அதிகாரி எங்கள் மூவரையும் கூப்பிட்டனுப்பினார். முகம் மலர்ந்திருந்தது. உங்கள் ஆள் விஷயத்தை முடித்துவிட்டேன், வெயிலில் வேலை செய்யத் தகுதியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், சேர வேண்டியது எல்லாம் ஒழுங்காகச் சேரும், டிக்கெட்டும் போட்டாகிவிட்டது, இந்த வியாழக்கிழமை கிளம்பலாம் என்றார். கடைசியாக, எங்களைச் சந்தோஷப்படுத்துகிற எண்ணத்தோடு, "இனி அவருக்கு வீட்டுச் சாப்பாடே கிடைக்கும்" என்றார்.

கொத்தனாருக்கு இந்தி முழுதாகப் புரியாததால் சிரித்தபடியே என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாரு? அடுப்பு எப்பவாம்?"

நான் சொன்னேன். அவருடைய கண்கள் என் முகத்திலேயே நின்றன. நான் விளையாடுகிறேனா என்று தேடுகிற பார்வை. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் போட்டு உடைக்க ஒன்றும் இல்லை அவருக்கு.

ஒருவருக்குப் படுகிற அடி எல்லோருக்கும் படுகிற அடி என்று அந்த முதல் சங்கத்தார் நினைத்தார்கள். நாங்கள் அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டோம். எல்லோருக்கும் பட்டதை எடுத்து ஒருவர் வயிற்றில் வைத்தோம். அந்த வயிற்றையே ஊருக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கம்பெனி நினைப்பதில் என்ன தப்பு? நாங்கள் கொடுத்த கணக்குக்கு அதுதானே விடை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கத்துகிறவனாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அவர் எங்களுக்கு டீ சொல்லியிருந்தார்.

அறைக்கு வந்து கஞ்சிக்காரரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வேன் டிரைவர் சொல்லியிருக்கிறான். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எம் பொண்ணுக்கு இன்னும் ஒரு பரிட்ச இருக்குண்ணே" என்றார். வயதில் சிறியவனான என்னை அவர் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. "நா ரத்தமா எடுத்தேன்? யாரு சொன்னது அப்படி?"

கொத்தனார் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

இரவு முழுக்கப் பேசினோம் என்று சொல்ல ஆசை. பேசவில்லை. டெக்னீஷியன்கள் அவரவர் கட்டிலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது போய், அது அவர் ஒருவருடைய வயிறு மட்டுமில்லை, எங்கள் எல்லோருடைய வயிறும்தான் என்று சொல்லலாமா என்று ஏ.சி. டெக்னீஷியனிடம் கேட்டேன். "சொன்னா எல்லாருக்கும் டிக்கெட் போடுவான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு ஊரில் மூன்று பிள்ளைகள். அவரைத் திட்ட எனக்கு மனமில்லை, அவரோடு பேசவும் மனமில்லை.

புதன்கிழமை இரவு எச்.ஆர். அதிகாரி கேட்டரிங் எப்படிப் போகிறது என்று பார்க்க மெஸ் ஹாலுக்கே வந்தார். கேம்ப்பைக் கவனித்துக்கொள்கிற கேம்ப் பாஸும் கூட வந்தார். எல்லோரும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அப்போது கஞ்சிக்காரர் உள்ளே வந்தார். முகம் கழுவி, தலையை வாரி, ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நேரே போய் ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு எச்.ஆர். அதிகாரிக்கு எதிரே இருந்த மேஜையில் உட்கார்ந்தார். மூடியைத் திறந்து, அந்தச் சிவப்புக் குழம்பை முழுக்கச் சோற்றில் கவிழ்த்துப் பிசைந்தார்.

"சாப், பார்த்துக்குங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

யாரும் தடுக்கவில்லை. தடுக்க முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மனிதர் கவளம் கவளமாக உள்ளே தள்ளினார். நெற்றியில் வியர்வை கொட்டியது. கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. நடுவில் ஒருமுறை நிறுத்தி, இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்தார். பிறகு மறுபடியும் பிசைந்தார். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றுவிட்டு, காலி டப்பாவை எச்.ஆர். அதிகாரியின் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தால் நல்லது.

"சொல்லுங்கண்ணே அவருகிட்ட. எனக்கு ஒண்ணும் இல்ல. நா நல்லா இருக்கேன். வேல செய்வேன்னு சொல்லுங்க."

நான் சொன்னேன்.

எச்.ஆர். அதிகாரி காலி டப்பாவைப் பார்த்தார். கேம்ப் பாஸைப் பார்த்தார். அவருக்கு ஏதோ ஒரு பெரிய சுமை இறங்கியது தெரிந்தது. அப்படியென்றால் சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை என்று கேம்ப் பாஸிடம் இந்தியில் சொன்னார். பிறகு கஞ்சிக்காரரின் தோளைத் தொட்டு, டாக்டர் சொன்னதை என்னால் மாற்ற முடியாது, நாளைக்கு ஃப்ளைட், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

சாப்பிட முடியாவிட்டால் ஆளில் குறை. சாப்பிட்டுக் காட்டினால் சாப்பாட்டில் குறையில்லை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு எவ்வளவு மரியாதையாகத் தோளைத் தட்டுகிறார் இந்த மனிதர்! சாத்துவதற்குக் கதவைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நாங்கள் அல்லவா என்ற நினைப்பு அதைவிடப் பலமாக அறைந்தது. எழுந்து நின்று கத்த வேண்டும் என்று இருந்தது. கொத்தனாரைப் பார்த்தேன். குனிந்திருந்தார். ஏ.சி. டெக்னீஷியனைப் பார்த்தேன். என்னைப் பார்ப்பதைத் தவிர்த்து டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். கொத்தனார் பேசினால் நான் பேசலாம் என்று நான் காத்திருந்தேன். நான் பேசினால் தாங்கள் பேசலாம் என்று அவர்களும் காத்திருந்தார்களோ என்னவோ. யாரும் யாருக்கும் முன்னால் பேசவில்லை.

எச்.ஆர். அதிகாரி ஹாலின் நடுவுக்கு வந்தார். ஹெல்ப்பர்கள் ஒரு பக்கம், டெக்னீஷியன்கள் ஒரு பக்கம் என்று பழக்கதோஷத்தில் பிரிந்து உட்கார்ந்திருந்த எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அன்பாகத்தான் கேட்டார்.

"வேறு யாருக்காவது வயிற்றில் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா? இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். உடனே ஏற்பாடு செய்கிறேன்."

அவர் இந்தியில் கேட்டதை யாருக்கும் தமிழில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டப்பா மூடிகள் திறக்கிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. கைகள் சோற்றில் இறங்கின.

"நோ ப்ராப்ளம் சார்!"

ஹெல்ப்பர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், பெரிய மெஸ், டெக்னீஷியன் மெஸ் என்ற வித்தியாசம் எதுவும் அந்தச் சத்தத்தில் இல்லை. நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசியது அன்று ஒருமுறைதான். மேஜை விளிம்பை இறுகப் பிடித்தபடி கஞ்சிக்காரரும் எங்களோடு சேர்ந்து சொன்னார்.